ஆடியில் அடைச்ச டப்பா

சன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதானுங்க. நான் மூலனூரு. நீங்க? தாராபுரமா. அப்ப எனக்கு அக்கட்டால எறங்குவீங்க, தொந்தரவில்லை.

கழுத்துல அட்டை தொங்குதுங்களே, வேளாண்மை ஆபீசுங்களா? இல்லீங்களா, பேங்கா. பேங்குன்னாப் பரவாயில்லீங்க. வேளாண்மைன்னு சொல்லியிருந்தீங்கன்னா எந்திரிச்சுப் போயி அந்தக் கடைசி சீட்டுல உக்காந்திருப்பேன். கோவிச்சுக்காதீங்க, உங்களைச் சொல்லலை. அந்த ஆளுங்க மேல எனக்கு ஒரு வருத்தம். வருத்தம் என்னுங்க வருத்தம், வயித்தெரிச்சல். எங்கூட்டுல வந்து வயிறாரச் சாப்புட்டுப் போனவிய, எங்கூட்டையே காலி பண்ணிட்டாங்க. அதுதான்.

கரூருக்கு எம்பட மருமவளைப் பாக்க வந்தனுங்க. பாத்தாச்சு. திரும்பிப் போறேன். கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன், வரலைன்னுட்டா. இந்தப் பையில இருக்கறது அவளுக்குன்னு கொண்டாந்த கடலை. அதைக் கூட அவ கையில குடுக்க மறந்துட்டுத் திருப்பி எடுத்துட்டு வர்றேன் பாருங்க. நீங்க கொஞ்சம் எடுத்துக்கங்க. எடுத்துக்கங்க தம்பி, எங்க காட்டுக் கடலை, வறுத்தது.

முருங்கைதானுங்க எங்களுக்கு. எங்க பக்கம் எல்லாருக்குமே அதுதான். காய் வரத்து அதிகமாச்சுன்னா பறிக்கற கூலி கூடக் கட்டாது, அப்பிடியே மரத்துல முத்திக் காஞ்சு தொங்கும். பாக்கப் பாக்கச் சங்கடமா இருக்கும். எம்பட பையன் பூபதி என்ன பண்ணுனான், காயை விட்ரலாம்ப்பா, கீரைக்குப் போலாம்னான். கீரையக் காய வெச்சுப் பொடி பண்ணுனா வெளிநாட்டுக்காரன் வாங்கறான்னான். சரி, வாங்கறான், நானும் கேள்விப்பட்டிருக்கேன். ஆனா நம்ம பொடி நாலு மாசத்துல பழுப்படிச்சுப் போயிருமுங்க. வெயில்ல காய வெச்சா உடனே பழுக்கும், நெழல்ல காய வெச்சா மெதுவாப் பழுக்கும். பழுப்புக்கு என்ன வெலை வரும், மாட்டுக்குத் தீவனத்துல கலக்கத்தான் ஆகும்.

பூபதி திருப்பூர்ல ஒரு கம்பெனியில துணிக்கு நீராவி போடற எடத்துல மெசினு பாத்துட்டிருந்தவன். என் சம்சாரம் போன பொறகு, நான் ஒண்டியாக் கெடக்கறேன்னு வேலைய விட்டுட்டுப் பொண்டாட்டியோட இங்க வந்துட்டான். அவன் தோட்டத்துல ஒரு பொட்டி செஞ்சானுங்க. பொட்டின்னா நீங்க நெனைக்கற பொட்டி இல்லை, ஒரு ஆளு உள்ள போயிக் குனிஞ்சு நிக்கலாம். மேல தகரம், தகரத்துக்குக் கறுப்புப் பெயிண்டு. வெயிலு தகரத்துல உழுகும், தகரத்துச் சூடு ஒரு குழாயில போகும், அந்தச் சூட்டுக் காத்து கீரைத் தட்டுக்குள்ள போயி வெளிய வரும். கீரை வெயிலக் கண்ணுலயே பாக்காது. ஆனா வெயிலுலதான் காயுது. நான் சிரிச்சனுங்க. வெயிலுக்கு மறைப்புக் கட்டி வெயில்ல காய வெக்கற ஒரே ஆளு நீதான்டான்னேன். அவனும் சிரிச்சான். மருமவ சிரிக்கலை. அவளும் அவனும்தான் அந்தத் தகரத்துக்குப் பெயிண்டு அடிச்சாங்க. அவ பேரு சங்கவி. மூஞ்சியெல்லாம் கறுப்பு அப்பிக்கிட்டு ரெண்டும் நிக்கும்.

புதுசா எதாச்சும் கண்டுபுடிக்கற வெவசாயிக்குக் கவர்மெண்டு காசு குடுக்குது, தெரியுமுங்களா? உங்க பேங்குலயே படம் ஒட்டியிருப்பாங்க. ஒருத்தன் தலைப்பாக் கட்டிட்டு, கையில பல்பைப் புடிச்சுட்டுப் பல்லக் காட்டிட்டு நிப்பான். அதுக்கு இவிய எழுதிப் போட்டாங்க. புருசனும் பொண்டாட்டியும் சேர்ந்துதான் போட்டாங்க, ரெண்டு பேரு பேரும் இருந்துச்சு. அந்தக் காசு வந்தா இதே மாதிரி பெரிய பொட்டியா ஊருக்குப் பொதுவாக் கட்டறது, எல்லாத்துக் கீரையும் வாங்கறதுன்னு ரோசனை. நான் குறுக்க நிக்கலைங்க. நல்லா இருக்கட்டும்னேன்.

ஆடி மாசம் வேளாண்மை ஆபீசு ஆளுங்க வந்தாங்க. ஒரு மேடம், கூட ரெண்டு சாரு. பொட்டியப் பாத்தாங்க, கையை உட்டுப் பாத்தாங்க, போட்டோ புடிச்சாங்க. அவிய முன்னாலயே பூபதி கீரைய ஏத்திக் காய வெச்சுப் பொடி பண்ணுனான். கொஞ்சம் பொடிய மேடம் கோயமுத்தூருக்குச் சோதனைக்கு எடுத்துக்கிட்டாங்க. மிச்சத்தை ஒரு எவர்சில்வர் டப்பாவுல போட்டு இறுக்கி மூடிட்டான். மேடம் சொன்னாங்க, இதைத் தொறக்கவே கூடாது, தையில வருவோம், அன்னைக்கு நாங்களே தொறக்கறோம். பச்சை அப்பிடியே இருந்து, சோதனையும் ஒத்துப் போச்சுன்னா திட்டத்துல உங்களுக்குத்தான் மொத எடம்னாங்க. ஆளுக்கொரு மோரு குடிச்சுட்டுப் போயிட்டாங்க. சாப்புடச் சொன்னேன், நேரமில்லைன்னுட்டாங்க.

பூபதி அந்த டப்பாவ ஊட்டு முன்னால ஆசாரத்துல அலமாரி மேல வெச்சுட்டு, போக வர அதையே பாத்துக்கிட்டிருப்பான். அப்பா, தொறந்து ஒருக்காப் பாத்துரட்டுமான்னு வெளையாட்டுக்குக் கேப்பான். சங்கவி அடிக்க வருவா.

ஐப்பசியில போயிட்டானுங்க.

பொட்டியில காத்தைத் தள்ளற காத்தாடி ரிப்பேருன்னு தாராபுரம் போனான், வண்டியில. லாரிக்காரன் அடிச்சுட்டான். நீங்க எறங்கறதுக்கு முன்னால ஒரு பாலம் வருமே, அதுக்கு இக்கட்டால. நான் இப்பவெல்லாம் அந்தப் பக்கமே போறதில்லைங்க, எதா இருந்தாலும் கரூருக்கு வந்து வாங்கிக்கறேன்.

இல்லைங்க தம்பி, பரவாயில்லை. தண்ணி வேண்டாம். நான் சொல்லிடறேன்.

ஆசாரத்துலதான் கெடத்துனாங்க. அவன் தலைமாட்டுக்கு நேரா மேல அலமாரி. அலமாரியில அந்த டப்பா. நான் செவுத்துல சாஞ்சு உக்காந்து அதையேதான் பாத்துட்டிருந்தேன், கீழ பாக்க முடியலைங்க. எடுத்துட்டுப் போன பொறகு ஊட்டுல இருந்ததை எல்லாம் கொட்டுனோம். வழக்கம் உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். பொணம் கெடந்த ஊட்டுல இருந்த தண்ணி, சோறு, மாவு, எதுவும் ஆகாது. நான் ஒண்ணு விடாமக் கொட்டச் சொன்னேன். ஊறுகா ஜாடி கொட்டுனாங்க, மொளகாத்தூளு கொட்டுனாங்க. கழுவிக் கவுத்து ஊடே மொட்டையாக் கெடந்துச்சு. அந்த டப்பாவும் போயிருச்சுன்னுதான் நான் நெனைச்சேன். அலமாரியில இல்லை. கேக்கலை.

அப்பறம் மார்கழியில ஒரு நாளு அவ பீரோவத் தொறந்து சீலை எடுக்கறா, நான் அப்பிடிக்கா வர்றேன், உள்ள சீலைக்கு நடுவுல மின்னுது. பாத்தா அந்த டப்பாங்க. செரி, புருசன் போன புள்ளை, எதையோ புடிச்சுட்டு இருக்குது, இருக்கட்டும்னு உட்டுட்டேன். சீலைக்கு நடுவுல இருக்கற வரைக்கும் ஆருக்கு என்ன. ஆனா திங்கற பண்டம் பாருங்க. அது மட்டும் மனசுக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

அவ அதை உட்டுரலைங்க. அதையும் சொல்லோணும். காத்தாடிய அவளே போயி வாங்கியாந்து மாட்டுனா. பொட்டிய ஓட்டுனா. எல்லாரும் சொன்னாங்க, இந்தப் புள்ளை அம்மா ஊட்டுக்குப் போயிரும்னு. போகலை. தையில மேடம் வருவாங்க மாமா, காசு வந்துச்சுன்னா நாம பெருசாக் கட்டிரலாம், அவரு நெனைச்ச மாதிரியே கட்டிரலாம்பா. ராத்திரிச் சோத்தைப் போட்டுட்டு எதுத்தாப்ல உக்காந்து இதையேதான் பேசுவா. நான் ம் கொட்டுவேன். எனக்குப் பொட்டியும் புரியலை, திட்டமும் புரியலை. ஊட்டுல ஒரு பேச்சுச் சத்தம் இருக்குதேன்னு கேட்டுக்கிட்டிருப்பேன். அது போதுமுங்க எனக்கு. அது ஒண்ணு போதும்னு இருந்தேன்.

தையி பொறந்து, வர்றோம்னு போன் வந்துச்சு.

நீங்க ஒண்ணு நெனைச்சுப் பாக்கோணும் தம்பி. எங்கூட்டுல அந்தச் சாவுக்கு அப்பறம் ஒருத்தரும் வந்து சோறு திங்கலைங்க. வந்தவங்க எல்லாம் துக்கம் கேக்க வந்தவங்க. வாசல்லயே உக்காந்து, எந்திரிச்சு, சொல்லிக்காமப் போயிருவாங்க. தண்ணி குடுத்தாக் கூட வேண்டாம்பாங்க. எங்க ஊட்டுக்கு ஒறம்பரை வந்தா இலை போடாம அனுப்பினதில்லை, என் சம்சாரம் இருந்த காலத்துல அடுப்பு அணையாது. அந்த ஊட்டுல, துக்கம் கேக்காம, நல்ல காரியத்துக்குன்னு வர்ற மொத ஒறம்பரை இவியதான். எனக்கு அது ஆபீசு, சோதனை அதெல்லாம் இல்லைங்க. ஊட்டுக்கு மனுசங்க வர்றாங்க. அவ்வளவுதான்.

அப்பத்தான் எனக்கு உரைச்சுது. வந்தா எதைத் தொறப்பாங்க? அந்த டப்பாவ. தொறந்து என்ன பண்ணுவாங்க? வாயில போட்டுப் பாப்பாங்க. ஆடியிலயே மேடம் சொன்னாங்க, ரசத்துல போட்டுக் குடிச்சுப் பாப்போம்னு. எம்பட மவன் பொணத்துக்கு மேல இருந்த பண்டத்தை, ஊட்டுக்கு வந்த மூணு பேருக்கு நான் குடிக்கக் குடுக்கறதா? நாளைக்கு அவிய ஊட்டுல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பாவம் ஆருக்கு? அந்த மேடத்துக்கும் புள்ளை குட்டி இருக்கும்.

மருமவகிட்டச் சொல்லியிருக்கலாம்னு நீங்க நெனைக்கறீங்க. சொல்லியிருந்தா ஒத்துக்க மாட்டா. படிச்ச புள்ளை. அவளுக்கு அதெல்லாம் இல்லை. அதனால நானே பாத்துக்கிட்டேன்.

எங்க மாட்டுக் கட்டுத்தறிக்குப் பொறகால ஒரு மரமுருங்கை நிக்குது. எங்கப்பன் வெச்சது. காட்டுல இருக்கறது எல்லாம் செடி முருங்கை, சீக்கிரம் வரும், ஆனா கீரையில ருசி கெடையாது. இந்த மரத்துக் கீரை இருக்குதே, அது வேற. அதுல கொழுந்தாப் பறிச்சேன். அவன் பொட்டியில போடலைங்க, அதை ஓட்ட எனக்குத் தெரியாது. மருந்தடிக்கற சாமான் வெக்கற ரூம்புல, துவைச்ச வேட்டி ஒண்ணை விரிச்சு, அதுல காய வெச்சேன். ஒரு காம்பு இல்லாம ஆஞ்சு எடுத்தேன். எம்பட கையால மில்லுல குடுத்து, மூலனூருல நின்னு அரைச்சுட்டு வந்தேன். என் கண்ணாலத்துக்குக் கூட நான் இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

அவிய வர்றதுக்கு மொத நாளு, சங்கவி எலை, காய் வாங்கச் சந்தைக்குப் போனா. பீரோவுல சாவி தொங்கிட்டுத்தான் இருக்கும். டப்பாவ எடுத்தேன். குப்பைக் குழியில கொண்டு போயிக் கொட்டுனேன். டப்பாவச் சாம்பல் போட்டு, புளி போட்டு, நல்லாத் தேச்சுக் கழுவிக் காய வெச்சேன். எம்பட கையையும் கழுவிட்டேன். புதுப் பொடியப் போட்டு, இறுக்கி மூடி, அந்தச் சீலைக்கு நடுவுலயே வெச்சுட்டேன். மனசு லேசாச்சுங்க. மவன் போனதுக்கு அப்பறம் அன்னைக்குத்தான் நான் கொஞ்சம் தூங்கினது.

மறு நாளு வந்தாங்க. மேடம் என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. பூபதி இருந்திருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பாருன்னாங்க. அந்தம்மா மேல எனக்குக் கோவம் இல்லைங்க, நல்ல மாதிரித்தான். அப்பறம் சங்கவி டப்பாவக் கொண்டாந்து வெச்சா. ஒரு சாரு தொறந்தாரு. மூணு பேரும் பாத்தாங்க. பச்சைன்னா அப்பிடி ஒரு பச்சை. மேடம் வாயைத் தொறந்து, நம்பவே முடியலைன்னாங்க. சங்கவியும் எட்டிப் பாத்தா. ஒரு சிட்டிகை எடுத்து வெரல்ல தேச்சா. மோந்து பாத்தா. அப்பறம் தலையத் தூக்கி என்னையப் பாத்தா.

அவ்வளவுதான், ஒரு பார்வை. நான் கும்புட்டுட்டு நின்னுட்டிருந்தேன், எலை போட்டாச்சு வாங்கன்னு. அவளுக்குச் சந்தோசத்துல பேச்சு வரலைன்னு நெனைச்சேன். போயி ரசத்துல அந்தப் பொடியப் போட்டு ஊத்துனா. மூணு பேரும் உக்காந்து சாப்புட்டாங்க தம்பி. வேண்டாம் வேண்டாம்னு சொன்ன சாரு கூட ரெண்டாந்தரம் சோறு வாங்குனாரு. ரசத்தை மேடம் டம்ளர்ல வாங்கிக் குடிச்சாங்க. ஊட்டுல எலை எடுக்கற சத்தம் கேட்டு எனக்கு அழுகை வந்துருச்சு. கட்டுத்தறிப் பக்கம் போயி மூஞ்சியத் தொடச்சுட்டு வந்தேன்.

டப்பாவுல இருந்து கொஞ்சம் எடுத்துட்டுக் கோயமுத்தூரு போனாங்க. அதுக்கு என்னமோ ரிப்போர்ட்டு வந்துச்சாம். ஆடியில எடுத்த பொடியும் இதுவும் ஒண்ணில்லையாம். வேற மரத்துக் கீரையாம், வேற மாதிரிக் காஞ்சதாம், புதுசா அரைச்சதாம். ஒண்ணாவா இருக்கும்? இது அதை விட ஒசத்தி. நான் கேக்கறேன், ஒசந்ததைக் குடுத்தா அது குத்தமா? கெட்டுப் போனதைக் குடுத்திருந்தா ஏமாத்திட்டோம்னு சொல்லலாம். நல்லதைக் குடுத்தவனை ஏமாத்துனான்னு சொல்ற நாயம் எங்கயாச்சும் உண்டுங்களா? நீங்க பேங்குல இருக்கறீங்க, சொல்லுங்க.

மேடம் போன் பண்ணுனாங்க. நான் வாசல்ல உக்காந்திருந்தேன், போன்ல அவிய சத்தம் எனக்கே கேட்டுச்சு. திட்டலை. கெஞ்சற மாதிரித்தான் கேட்டாங்க, என்னம்மா நடந்துச்சு, வேற ஆராச்சும் மாத்திட்டாங்களா, சொல்லு, நான் பேசிப் பாக்கறேன்னு. சங்கவி சொன்னா.

"வேற ஆரும் இல்லைங்க மேடம். நான்தானுங்க மாத்துனேன்."

நான் எந்திரிச்சுக் கையை நீட்டுனேன். போனைக் குடு அம்மிணி, நான் பேசறேன், எனக்கென்ன பயம், தீட்டுப் பண்டம்னு கொட்டிட்டேன்னு சொல்றேன்னேன். அவ போனைக் குடுக்கலை. வேண்டாங்க மாமா, அவியளுக்கு அது புரியாதுன்னா. சரிதான், டவுனு ஆளுங்க, பட்டிக்காட்டான்னு சிரிப்பாங்க, மாமனாரு மானம் போகக் கூடாதுன்னு நெனைச்சிருக்கறா. அந்த மாதிரி குணமான புள்ளைங்க. நானும் உட்டுட்டேன். இப்ப அவ பேரை அந்தத் திட்டத்துல இருந்தே அடிச்சுட்டாங்க. இனி எதுக்கும் எழுதிப் போட முடியாதாம். பொய் சொன்னவளாம்.

என்னைய ஒரு வார்த்தை கேக்கலைங்க தம்பி. திட்டியிருந்தாக் கூடத் தேவலை. எப்பவும் போல சோறாக்குனா, எப்பவும் போல பரிமாறுனா. எதுத்தாப்ல உக்காந்து பேசறது மட்டும் நின்னு போச்சு. பொட்டியத் தொடச்சு, தார்பாயி போட்டு மூடிக் கட்டுனா. அப்பறம் அவ அண்ணன் தினேசு வண்டி எடுத்துட்டு வந்தான். நேரத்துக்குச் சாப்புடுங்க மாமான்னு சொல்லிட்டுப் போயிட்டா. இந்தக் கவர்மெண்டுக்காரன் அந்தக் காசைக் குடுத்துத் தொலைச்சிருந்தா அவ போவாளுங்களா? நீங்களே சொல்லுங்க. காசு வரலை, அவளுக்கு அங்க என்ன வேலை, போயிட்டா. வேற என்ன காரணம் இருக்குது?

இப்பக் கரூர் பைபாஸ்ல ஒரு முருங்கைப் பொடிக் கம்பெனியில இருக்கறா. கீரை ஆயற எடத்துல. கம்பெனிக்காரங்க நல்லவங்க, சாப்பாட்டு நேரத்துல வெளிய உட்டாங்க. தலையில வலைத் தொப்பி, மூஞ்சிக்கு ஒரு துணி. ஆருன்னே எனக்கு அடையாளம் தெரியலை. அவதான் வந்து, சாப்டீங்களா மாமான்னா. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு ஒண்ணும் முடியலைங்க. ஊட்டுக்கு வா சாமின்னேன். அந்த ஊட்டுல எம்பட சத்தத்தைத் தவிர வேற சத்தம் இல்லைன்னேன். நடு ரோட்டுல நின்னு இப்பிடிக் கேட்டேன், எனக்கு வெக்கமில்லை. வரலைங்க மாமான்னா. அண்ணன் ஒரு எடம் பாத்திருக்கறான், காங்கயம் பக்கம், மாப்பிள்ளையும் ஒரு தரம் கண்ணாலம் ஆயி முறிஞ்சவராம். சித்திரையில முடிச்சுரலாம்னு இருக்கறாங்களாம். நல்லதுதான் அம்மிணின்னேன். வேற என்னன்னு சொல்றது. எம்பட மவனுக்கு வாழ வந்த புள்ளை, இந்த வயசுல அவளை நான் எதுக்குன்னு புடிச்சு வெக்கறது.

பொறப்படலாம்னு திரும்புனேன். அப்பத்தான் கேட்டா. இத்தனை நாளா கேக்காததை அந்தக் கம்பெனி வாசல்ல நின்னு கேட்டா.

"மாமா, கொட்டறதுக்கு முன்னால நீங்க தொறந்து பாத்திருப்பீங்கல்ல. பச்சையா இருந்துச்சுங்களா?"

நான் அவ மூஞ்சியப் பாத்தனுங்க. துணிக்கு மேல கண்ணு மட்டும் தெரிஞ்சுது. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது, அவ தொறந்தே பாக்கலை. பீரோவுல வெச்சுட்டு, தினமும் சீலை எடுக்கும்போது பாத்துக்கிட்டே இருந்தும், ஒரு நாளும் தொறக்கலை. தொறக்கக் கூடாதுன்னு சொன்னதுக்குத் தொறக்கலை.

நான் சொன்னேன், "இல்லை சாமி. கறுத்துத்தான் போயிருந்துச்சு. பூசணம் வேற புடிச்சிருந்துச்சு. நான் கொட்டுனதே நல்லதாப் போச்சு, இல்லாட்டி அவிய முன்னாலயே அசிங்கமாப் போயிருக்கும்."

அப்ப அவரு செஞ்சது சரியா வரலைங்களான்னா. வரலை சாமின்னேன். சரிங்க மாமா, மணியடிச்சுட்டாங்கன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. போகும்போது தோளு ரெண்டும் எறங்கிப் போச்சுங்க. ஒரு பாரத்தை எறக்கி வெச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு. நிம்மதின்னு நெனைச்சுக்கிட்டேன். நிம்மதிதானுங்களே அது? வேற என்னவா இருக்கும்?

ஏன் பொய் சொன்னேன்னு பாக்கறீங்க. சித்திரையில கண்ணாலம் வெச்சிருக்கற புள்ளைகிட்ட வேற என்னன்னு சொல்றது தம்பி? பச்சைன்னு சொன்னா அவ அங்க போயி எப்பிடிப் பொழைப்பா? இல்லாததை நெனைச்சு எத்தனை நாளு அழுவா? போனது உருப்படாத பண்டம்னு இருந்தா, மனசு ஆறிரும். அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். எனக்காகச் சொல்லலை.

பச்சைங்க.

மூடியத் தொறந்த ஒடனே வாசம் மூஞ்சியில அடிச்சுது. மழை பெஞ்சு ஓஞ்ச அன்னைக்குக் கீரை பறிச்சா எப்பிடி இருக்கும், அப்பிடி. நான் அரைச்சுட்டு வந்த பொடி அதுக்குப் பக்கத்துல நிக்காது. அவன் கையால போட்டு, அமுத்தி, மேல வழிச்சு உட்ட தடம் கூட அதுல அப்பிடியே இருந்துச்சு. ஆடியில வெச்சது, தையில பச்சையா இருந்துச்சு. எம்பட பையன் சொன்ன மாதிரியே இருந்துச்சு. குழியில கொட்டுனப்ப எரு மேல பச்சைப்பசேல்னு உழுந்துச்சு. கையெல்லாம் ஒட்டிக்கிச்சு. தீட்டாச்சேன்னு ரெண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவுனேன்.

இதோ மூலனூரு வந்துருச்சு. காலைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கங்க, நான் எறங்கிக்கறேன். கடலைய நீங்களே வெச்சுக்கங்க தம்பி.

அவன் ஜெயிச்சுட்டானுங்க. இந்த ஒலகத்துல அது தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான் இருந்தேன். இப்ப நீங்க.